பாமாலையா, கீர்த்தனையா?

டிசம்பர் பிறந்ததும் கேரல் ரவுண்ட்ஸ் குழு நம் பிளாக்குகளுக்குள் வருவதும், மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றிப் பேச்சு கிளம்புவதும் உங்களுக்குத் தெரிந்ததே. சத்தம் பற்றிய பஞ்சாயத்தைச் சங்கக் கூட்டத்துக்கு விட்டுவிடுவோம். அந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் இந்த இதழில் சொல்கிறேன்.

சி.எஸ்.ஐ. தமிழ் ஆராதனைக்கு எப்போதாவது போயிருந்தால், மக்கள் கையில் இரண்டு வகைப் பாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பாமாலை: ஐரோப்பிய மெட்டு, ஆர்கன் துணை, பாடகர் குழு நான்கு குரலில் பாடும். மற்றொன்று கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்.

முதலில் வந்தது பாமாலை வகைதான். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் பின்வந்தவர்களும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி அதே மெட்டில் பாட வைத்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். மெட்டு இழுக்கிற இடத்தில் குறில் விழுந்தால் 'பலன்' என்பது 'பாலன்' என்று காதில் விழும். வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், புரியும்.

இதற்கு விடை தஞ்சாவூரிலிருந்து வந்தது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போனவர். பிற்காலத்தில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் இருந்தவர்தான். குறவஞ்சி, கீர்த்தனை, கதாகாலட்சேபம் எல்லாம் செழித்திருந்த ஊரில், அதே வடிவங்களில் கிறிஸ்துவைப் பாடினார் சாஸ்திரியார். 'பெத்லகேம் குறவஞ்சி' அப்படிப் பிறந்தது. (மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வேறு, 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர்.)

1820-களில் வந்த இளைய மிஷனரிகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், பண்டிகையில் பூ வைக்க விடுவதில்லை, தன் பாட்டுகளைக் கோயிலில் பாட விடுவதில்லை என்பவை அவருடைய மனக்குறைகள். இதுவரை நாம் அவர் பக்கம் நிற்கலாம். ஆனால் இன்னொரு குறையும் உண்டு: சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கிறார்கள் என்பது. அதையும் அவர் அதே வேகத்தோடுதான் எதிர்த்தார். சாஸ்திரியாரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள். பாட்டு விஷயத்தில் அவர் சரி, சாதி விஷயத்தில் மிஷனரிகள் சரி என்பதே என் எண்ணம்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். சாதி விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தது அமெரிக்கன் மதுரை மிஷன். அதைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவரே கீர்த்தனைகளைத் திரட்டி 1853-இல் புத்தகமாக்கினார். கிராமத்துச் சபைகளில் எழுத்தறிந்தவர்கள் குறைவு. கீர்த்தனைக்கு எழுத்து வேண்டியதில்லை. ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பல்லவி நாலு தடவை வந்தால் தானாக மனப்பாடம். சமமாக உட்கார வைக்க சாஸ்திரியார் சம்மதிக்காத மக்களின் வாயிலும் அவருடைய பாட்டு இப்படித்தான் ஏறியது. அவர் 1864-இல் காலமானார்.

தஞ்சாவூர் போனால் சிவகங்கைப் பூங்காவில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றி நிற்பதைச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் பளிங்கில் செதுக்கியிருக்கிறார். அடுத்த டிசம்பரில் கேரல் குழு வரும்போது ஒரு கீர்த்தனை பாடச் சொல்லுங்கள். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, கூட வந்திருக்கும் பெரியவர்கள் யாராவது தாளம் போட்டுத் தொடங்கிவிடுவார்கள்.