எட்டாம் மாதத்துச் சீட்டு

இல்லறத்தின் செலவுகளுள் பெரும்பாலானவை நாள் குறித்து வருவதில்லை. காய்ச்சலும் மரணமும், முன்னறிவிப்பின்றி ஊரிலிருந்து வந்திறங்கும் உறவினரும் கையிலிருக்கும் காசைக் கேட்டுக்கொண்டா வருகிறார்கள்? பிரசவம் என்னும் செலவு மாத்திரமே ஏழு மாதங்களுக்கு முன்பே தன் வரவை அறிவித்துவிட்டு, அதன் பின்னர் நிதானமாக வந்து சேர்கிறது. இந்த அவகாசத்தைக் கொழும்பு மாநகரின் சிறிய குடும்பங்கள் எவ்விதம் பயன்படுத்தி வந்தன என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை எவரும் முறையாக எழுதி வைத்ததில்லை, ஏனெனில் அதனை நடத்தியவர்கள் கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்களல்லர்.

அச்சரித்திரத்தைத் தெமட்டகொடையிலிருந்து பார்ப்பது எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது. தெமட்ட என்று சிங்களத்தில் வழங்குவது நம்மவர் குமிழ் என்று சொல்லும் மரத்தின் இனம். கொட என்பது மேட்டு நிலம். குமிழ் நின்ற அந்த மேட்டில் இன்று குமிழைத் தேடிக் காணமுடியாது. 1864ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுசை நோக்கி முதல் வண்டி ஓடியதன் பின்னர், அந்தப் பிரதேசத்தின் ஜாதகத்தை எழுதியது ரயில் பாதையே. எஞ்சின்கள் இளைப்பாறும் செட்டும், அதனைச் சுற்றி எழுந்த குவாட்டர்ஸ் வரிசைகளும், அவற்றின் பின்புறத்தே தோட்டங்கள் என்று பெயர் பெற்ற நெருக்கமான குடியிருப்புகளுமாக, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் ஊராக அது வளர்ந்தது. மலைநாட்டுக்கும் வடக்கிற்கும் போகும் வண்டிகள் எல்லாம் அதன் வாசலால் சென்றன. அங்கே குடியிருந்தோருட் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர் அல்லது நாட்கூலிக்காரர். ஆகவே அவர்களுடைய பொருளாதார சாஸ்திரம் முழுவதும் சம்பள நாள் என்ற ஒரே அச்சில் சுழன்றது.

சம்பள நாளுக்குக் காத்திருந்தவர்கள் குடும்பத்தார் மாத்திரமல்லர். பணிமனை வாசல்களில் தலைப்பாகையும் கைத்தடியுமாக நின்ற ஆப்கானிய லேவாதேவிக்காரரை அக்காலத்துக் கொழும்பு நன்கு அறியும். பாய் என்று மரியாதையாக அழைக்கப்பட்ட அவர்களைக் கண்டதும் பின்வாசலால் நழுவிய தொழிலாளரும் உண்டு. 1918ஆம் ஆண்டிலேயே கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்த ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது என்றாலும், வட்டி சட்டத்தைப் பார்த்து அடங்கும் பிராணியன்று. மூலைக் கடை முதலாளியின் கொப்பி இதனினும் சாதுவானது. மாதம் முழுவதும் எழுதி, மாத முடிவில் தீர்த்து, மறுநாளே மீண்டும் எழுதத் தொடங்கும் அந்தக் கொப்பிக்கு வட்டி இல்லை எனினும், கொப்பிக்காரிக்குக் கிடைக்கும் அரிசியில் கல் சற்று அதிகம். மூன்றாவது வழி செட்டியார் தெரு. காப்பும் சங்கிலியும் அங்கே அடைவுக்குப் போய், ஆடிப் பாடி மீண்டும் வருவதுண்டு. வராது போவதும் உண்டு.

பேறுகாலத்தை எதிர்நோக்கிய குடும்பத்துப் பெண் இம்மூன்று வாசல்களையும் பற்றி ஒரு தெளிவான கொள்கை வைத்திருந்தாள். பாயிடம் புருஷன் போகாமற் பார்த்துக்கொள்வது முதலாவது. ஐந்தாம் மாதத்துக்குள் கொப்பியைச் சுத்தமாகத் தீர்த்து வைப்பது இரண்டாவது. பிரசவ மாதத்தில் கடனுக்குச் சாமான் கேட்பதற்கு முதலாளியின் முகம் மலர்ந்திருக்க வேண்டுமல்லவா? நகையை அடைவு வைக்காதிருப்பது மூன்றாவது. தேவை வந்தால் வைப்பதற்கு அது வீட்டிலிருக்க வேண்டும் என்பதே காரணம். செலவைக் குறைத்தல் என்று நாம் இன்று சொல்வது அவளுடைய பிரதான உபாயமே அன்று. குறைப்பதற்கு அங்கே அதிகம் இருக்கவில்லை. செலவும் பணமும் சந்திக்கும் திகதியை மாற்றி அமைப்பதே அவளுடைய வித்தை.

அந்த வித்தைக்கு உரிய கருவி சீட்டு. தமிழ்ச் சொல்லாகிய இதனைச் சிங்களவரும் சீட்டுவ என்று எடுத்தாண்டுகொண்டனர் என்பதே, இம்முறை இத்தீவில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்று. அரசாங்கமும் இதனைக் கண்டும் காணாதிருக்க முடியாமற் போய், 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைச் சீட்டுக்கென்றே இயற்றியது. பெருந்தொகைச் சீட்டுகளை நடத்திய வியாபாரிகளுக்குத்தான் அச்சட்டம் பொருந்திற்று என்று சொல்ல வேண்டும். குவாட்டர்ஸ் திண்ணையில் ஆறு பெண்கள் கூடிப் பிடித்த சீட்டைப் பதிவு செய்வதற்கு எந்தப் பதிவாளரும் தெமட்டகொடைக்கு வந்து காத்திருக்கவில்லை.

திண்ணைச் சீட்டின் நுட்பத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆறு பேர், மாதம் ஐந்து ரூபா, ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் முப்பது ரூபா சேரும். சீட்டை நடத்தும் தாச்சி முதல் மாதத் தொகையைக் கழிவின்றி எடுத்துக்கொள்வது வழக்கம். அது அவளுடைய பொறுப்புக்குக் கூலி. இரண்டாம் மாதத்தில் அவசரக்காரி ஒருத்தி நான்கு ரூபா கழிவு கூறினால், இருபத்தாறு ரூபா அவளுக்குப் போக, அந்த நான்கு ரூபா மற்றவர்களுடைய தவணையில் குறைந்துவிடும். ஆகவே முந்தி எடுப்பவள் கடன்காரி. பிந்தி எடுப்பவள் சேமிப்புக்காரி. கடைசியாக எடுப்பவளோ போட்டிக்கு ஆளில்லாத காரணத்தால் முழுத் தொகையையும் பெறுவதோடு, பிறருடைய கழிவுகளின் பலனையும் அனுபவித்தவளாகிறாள். வங்கியின் வாசலை மிதியாத ஒருத்திக்கு வட்டி கிடைத்த வழி இதுவே. மூன்றாம் மாதத்தில் கருவுற்றது நிச்சயமானதும் ஆறு பேர் சீட்டொன்றில் சேர்ந்து, எட்டாம் மாதத்தில் கடைசிச் சீட்டை எடுத்தவளுக்கு, பிள்ளை பிறந்த பின்னர் கட்டவேண்டிய தவணை ஒன்றும் மிஞ்சியிராது. பத்துப் பேர் சீட்டில் சேர்ந்து நடுவில் எடுத்தாலோ, கைக்குழந்தையோடு நான்கு மாதம் தவணை கட்ட வேண்டும். இதனைக் கணித பாடமாக எந்தப் பாடசாலையும் கற்பிக்கவில்லை. ஆயினும் ஆறு பேர் சீட்டா, பத்துப் பேர் சீட்டா என்ற கேள்விக்கு அப்பெண்கள் கூறிய விடையில் பிழை காண்பது எந்தக் கணக்காளருக்கும் அரிது.

அந்தப் பணம் எங்கே போயிற்று? முதலில் புறக்கோட்டைக்கு. கபோஸ் ஒழுங்கையின் மருந்துக் கடைகளிலே பிள்ளைப்பெறு சரக்கு வாங்குவது ஒரு சிறிய யாத்திரை. மிளகும் மல்லியும் மஞ்சளும் வேர்க்கொம்பும் வாங்கி, வெயிலில் காயவைத்து இடித்து, புட்டியில் அடைத்து வைக்க வேண்டும்; உள்ளியும் நல்லெண்ணெயும் வேறு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் பத்தியச் சாப்பாடு நடக்க வேண்டுமாதலால், பால் சுரக்கும் என்று பெயர் பெற்ற சுறாமீனுக்கும் ஒரு தொகை ஒதுக்கப்படும். முஸ்லிம் வீடுகளில் இது நாற்பது நாள். துணிக்கு மாத்திரம் செலவில்லை. பாட்டியின் பழைய நூற்சேலை, பலமுறை துவைத்து மெதுமையுற்றதாயின், புதுத் துணியினும் சிரேஷ்டமானது என்பதே அனைவரது அபிப்பிராயம். சிக்கனமும் சுகமும் ஒன்றாகச் சேரும் அபூர்வமான சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உத்தியோகத்தர்களிடம் இன்னுமொரு மார்க்கம் இருந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அரசாங்க சேவகருக்குக் கிடைக்கும் ரயில் வாரண்டை ஆண்டு முழுவதும் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, ஏழாம் மாதத்தில் மனைவியை மெயில் வண்டியில் ஏற்றிவிட்டால், மூன்று நான்கு மாதங்களுக்குக் கொழும்புச் செலவில் ஒரு வாய் குறையும். இதனைச் சம்பிரதாயம் என்று போற்றுவோர், மாமனாரின் அரிசிப் பெட்டகத்தையும் சற்று விசாரிப்பது நலம். செலவு மறையவில்லை, காங்கேசன்துறைப் பாதையில் வேறொரு வீட்டுக்கு இடம் மாறியது.

கொழும்பிலேயே தங்கியவர்களுக்கு மருத்துவிச்சியும், பின்னர் ஆஸ்பத்திரியும் துணையாயினர். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் செல்வந்தரின் கொடையால் 1879இல் தோன்றிய பிரசவ விடுதி, தெமட்டகொடையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது. ஆரம்பத்தில் ஏழைகளுக்கும் அங்கே போக அச்சம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி செல்வது அநாதைகளின் கதி என்றே பலர் எண்ணினர். 1921இல் அங்கே கர்ப்பிணிகளுக்கான கிளினிக் ஆரம்பமானதும், மாநகரசபையின் மருத்துவிச்சிகள் வீடு வீடாக வரத் தொடங்கியதும் அந்த அச்சத்தை மெல்லக் கரைத்தன. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியபோது, பேறுகாலக் கணக்கிலிருந்து ஒரு பெரிய வரி அழிந்தது எனலாம்.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு புத்தகம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. கூப்பன் என்ற சொல் அன்று தமிழ்ச் சொல்லாயிற்று. கூட்டுறவுக் கடை வரிசையில் கர்ப்பிணிப் பெண் நின்ற காலம் அது. கோதுமை மாவும் பாணும் நம் அடுக்களையில் நிரந்தர வாசம் பெற்றதும் அப்போதே. யுத்தம் முடிந்த பின்னரும் கூப்பன் போகவில்லை. பங்கீட்டரிசியின் மலிவு விலையே குடும்பத்தின் அஸ்திவாரமாயிற்று. அந்த அஸ்திவாரத்தில் 1953இல் கைவைத்தார்கள். கொத்து இருபத்தைந்து சதத்துக்கு விற்ற அரிசி எழுபது சதமாயிற்று. பத்துக் கொத்து வாங்கும் வீட்டில் இரண்டரை ரூபா ஏழு ரூபாவானால், திண்ணைச் சீட்டுக்கு ஐந்து ரூபா எங்கிருந்து வரும்? ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்ததும், அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியதும், அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் சரித்திரப் புத்தகங்களில் உள்ளன. அரிசி விலையை இடதுசாரித் தலைவர்கள் அரசியலாக்கினர் என்பது ஒரு கட்சி. எனக்கென்னவோ, அடுக்களை அதற்கு முன்பே அதனை அரசியலாக அறிந்திருந்தது என்றே படுகிறது.

இவ்வீடுகளின் செலவைப் பற்றி ஊகத்தை விட்டு எண்களோடு பேச ஒரு சாதனம் நமக்கு வாய்த்திருக்கிறது. 1949-50இல் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அரசாங்கம் ஆராய்ந்து, அதன் மேல் 1952ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணை எழுப்பியது. அதன்படி நூறு ரூபா செலவில் ஏறத்தாழ 62 ரூபா உணவுக்கு. துணிக்கு 9 ரூபா 40 சதம். வாடகைக்கு 5 ரூபா 70 சதம். விறகுக்கும் விளக்குக்கும் 4 ரூபா 30 சதம். எஞ்சிய 18 ரூபா 70 சதத்தில் மருந்து, பிரயாணம், படிப்பு, வெற்றிலை, படக்காட்சி யாவும் அடக்கம். வாடகையைக் குறைக்க முடியாது. விளக்கை அணைக்கலாம், எத்தனை நாளைக்கு? ஆகவே ஒருத்தி பேறுகாலத்துக்குச் சேர்க்க வேண்டுமாயின் அந்த அறுபத்திரண்டு ரூபாவுக்குள்ளேதான் கைவைக்க வேண்டும். புருஷன் வேலைக்குப் போகிறவன், பிள்ளைகள் வளர்கிறவர்கள். எனவே எந்தக் கோப்பையில் மீன்துண்டு குறைந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு உயிருக்கு உண்ண வேண்டியவள் என்று கிளினிக்கில் கூறப்பட்டவளே, அந்த இரண்டாவது உயிரின் வரவுக்காகத் தன் பங்கைச் சேமித்தாள். அச்சுட்டெண் 2007 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், விலைவாசியின் அளவுகோலாக நீடித்தது.

விடுமுறை என்ற எண்ணம் இவ்வீடுகளுக்குப் பிற்பட்டே வந்தது. பெருந்தோட்டப் பகுதியில், 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டமே, பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் வரை உணவும் உறைவிடமும் கொடுத்து வேலை வாங்காதிருக்குமாறு துரைமாரைப் பணித்தது. 1919இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு முன்னே ஆறு வாரமும் பின்னே ஆறு வாரமும் வேண்டுமென்று தீர்மானித்தது. இலங்கை 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டத்தை இயற்றியபோது, முன்னே இரண்டு, பின்னே நான்கு என்று அதிற் பாதியோடு திருப்தியடைந்தது. தெமட்டகொடை வீடுகளிலிருந்து பெண்கள் கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் ஆசிரியத் தொழிலுக்கும், பின்னர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகத் தொடங்கியதும் சட்டம் அவர்களைப் பின்தொடர்ந்தது. 1985இன் திருத்தங்கள் முதலிரண்டு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆறு வாரமும் என வகுத்தன. மூன்றாவது குழந்தைக்கு அரைத் தாய் போதும் என்று கருதிய இந்த வேறுபாடு 2018இலேயே நீங்கியது.

சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது அடிப்படைச் சம்பளத்தை மாத்திரம் பார்ப்பவரின் பிரமை. தொழிற்சாலைப் பெண்ணின் வருமானத்தில் மேலதிக நேர வேலைக்குரிய காசு பெரும்பங்கு. விடுமுறையில் அது இல்லை. கடன் தவணையோ விடுமுறை எடுப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலையேற்றம் ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் என்று அதே சுட்டெண்ணின் வாரிசு அறிவித்த நாட்களில், கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷா என்னும் சத்துமாவும் சோளமின்றித் தட்டுப்பாடாயிற்று. கூப்பன் புத்தகமும் இல்லை, ஊரில் மாமனாரின் பெட்டகமும் இல்லை.

சீட்டு மாத்திரம் இருக்கிறது. தொகை ஐந்து ரூபாவிலிருந்து ஐயாயிரமாகியிருக்கிறது. தாச்சி கொப்பிக்குப் பதிலாகத் தொலைபேசியில் பெயர்களை வைத்திருக்கிறாள். சில இடங்களில் கழிவு கூறுவதும் போய், துண்டு எழுதிக் குலுக்குகிறார்கள். ஆயினும் குலுக்குவதற்கு முன் கூட்டத்தில் ஒருத்தி, "எனக்குக் கடைசியைத் தாங்கோ அக்கா" என்று மெல்லச் சொன்னால், மற்றவர்கள் காரணம் கேட்பதில்லை. அவளுடைய துண்டை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதியைக் குலுக்குகிறார்கள்.