டி லனாய்: கைதியாகப் பிடிபட்டு திருவிதாங்கூர் படையை வழிநடத்தியவர்

குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டு, பின்னர் அதே அரசின் படைத்தலைவராக உயர்ந்தவர் யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய். பிளெமிஷ் இனத்தைச் சேர்ந்த இவர், டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் படையில் பணியாற்றியவர்.

கேரள எல்லைக் கிராமமான பொழியூரிலிருந்து கடற்கரையோரமாகத் தென்கிழக்கே சென்றால் குளச்சல் வரும். மிளகு வணிகம் கைநழுவுவதைப் பொறுக்காத டச்சுக்காரர்கள் 1741-இல் அங்கு படையுடன் இறங்கினர். தலைநகரான பத்மநாபபுரம் அவர்களது இலக்காக இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை முறியடித்தது. டி லனாய் உள்ளிட்டோர் கைதாகினர்.

கைதியிடம் மன்னர் படைப்பயிற்சியை ஒப்படைத்ததற்குக் காரணம் உள்ளூர் அரசியலில் இருந்தது. எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்ப, நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரப் பொந்தில் அவர் ஒளிந்திருந்ததாகக் கூறப்படுகிறது. அதுவரை படைவீரர்கள் அந்தந்தப் பிரபுக்களுக்கே கட்டுப்பட்டிருந்தனர். மன்னருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலையான படையே அவருக்குத் தேவைப்பட்டது. உள்ளூரில் உறவோ கட்சியோ இல்லாத அந்நியர் அதற்குப் பொருத்தமானவராக அமைந்தார்.

டி லனாய் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். புதுப்பிக்கப்பட்ட உதயகிரிக் கோட்டையில் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கப்பட்டன. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகியவை அடுத்தடுத்து திருவிதாங்கூர் வசமாயின. அவர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி எனப் பெயர் பெற்றார். 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் மூலம் டச்சுக்காரர்களே மலபார் அரசியலில் தலையிடுவதைக் கைவிட வேண்டியதாயிற்று. தம் பழைய எசமானர்களின் இந்தப் பின்வாங்கலை அவர் எதிர்முகாமிலிருந்து பார்த்தார்.

சமய வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவத்தை அறிந்தது அவர் வழியாகத்தான். தேவசகாயம் என்ற பெயர் பெற்ற அந்த அலுவலர், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அடுத்த மன்னர் தர்மராஜா காலத்தில், வைப்பின் பகுதியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை நீண்ட நெடுங்கோட்டை அரணை டி லனாய் அமைத்தார். 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அங்குதான் முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டு அந்த அரண் தகர்ந்தது.

அதைக் காண டி லனாய் உயிருடன் இல்லை. அவர் 1777 ஜூன் 1-இல் காலமானார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையின் சிதைந்த தேவாலயத்தில், மனைவி, மகனின் கல்லறைகளுடன் அவரது கல்லறையும் உள்ளது. அதன் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டை வளாகம் இப்போது பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது.