படம் வராத பெட்டியும் பேசும்: தந்தியிலிருந்து சீரியல் கேபிள் வரை



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பழைய பொருள்களை அகற்றும் பட்டியல் ஒன்று சுற்றுக்கு வந்தது. அதில் ஒரு சர்வரும் இருந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் மாணவர்கள் எழுதிய தமிழ்க் கட்டுரைகளும் ஆண்டு மலர்ப் பக்கங்களும் அதில்தான் இருந்தன. "மானிட்டர் மாட்டவே இடம் இல்ல, அது செத்துப்போச்சு" என்றார்கள். பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒருநாள், கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அந்த மாதிரிப் பெட்டிக்குப் படமே வராது சார். பின்னாடி ஒரு சின்ன போர்ட் இருந்திருக்குமே, அதுலதான் பேசும்" என்றார். அதற்குள் பெட்டி போய்விட்டது.

உங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இன்னும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. திரையே இல்லாமல் ஒரு கணினியை ஏன் செய்தார்கள்? உண்மையில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். கணினிக்குத் திரை பிந்தி வந்த உறவு. எழுத்துதான் முதல் உறவு. பிரான்சின் எமில் போடோ 1874இல் தந்திக்காக ஒரு குறியீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்புகள். ஆக 32 சேர்க்கைகள். இன்றும் தகவல் வேகத்தை 'பாட்' என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான். தந்தியிலிருந்து டெலிபிரிண்டர் பிறந்தது. ஓரிடத்தில் தட்டினால் இன்னோர் இடத்தில் தாளில் அச்சாகும் இயந்திரம் அது.

1963இல் ஆஸ்கி குறியீடு வந்தது. அதே ஆண்டு வந்த டெலிடைப் மாடல் 33, பல கணினிகளுக்கு வாயாகவும் காதாகவும் ஆனது. அதன் வேகம் 110 பாட். ஓர் எழுத்துக்கு 11 பிட் போனதால், நொடிக்குப் பத்தே எழுத்து! கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கிய காலத்தில் இத்தகைய இயந்திரங்களில்தான் தட்டினார்கள். இன்றைய லினக்ஸ் கணினியில் 'டிடிஒய்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. 1978இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 போன்ற முனையங்களில் தாளுக்குப் பதில் திரை இருந்தது: 80 எழுத்து அகலம், 24 வரி. ஆனால் பின்னால் இருந்த கம்பியின் முறை பழையது. 1960இலேயே வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 முறைதான் அது.

வீட்டுக் கணினிகள் திரையோடு வளர்ந்தன. சர்வர்கள் பூட்டிய அறையில், ஆள் பார்க்காத இடத்தில் ஓடுபவை. அவற்றுள் பலவற்றுக்குப் படம் தேவைப்படவில்லை. 1998இல் வந்த கோபால்ட் கியூப் என்ற நீலப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டருக்கு இடமே கிடையாது. இரண்டு வரி காட்டும் சிறு எல்சிடியும் ஒரு சீரியல் போர்ட்டும்தான். அது பழுதல்ல, அதன் இயல்பு.

சரி, எப்படிப் பேசுவது? யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று, நல் மோடம் கேபிள் ஒன்று, மடிக்கணினியில் புட்டி அல்லது மினிகாம் மென்பொருள். அவ்வளவுதான். கேபிளில் முக்கியமானவை மூன்று கம்பிகள்: அனுப்புவது, பெறுவது, தரை. ஒருவர் வாய் மற்றவர் காதோடு சேர வேண்டும் என்பதால் முதல் இரண்டும் குறுக்காக இணைந்திருக்கும். வேகம் பெரும்பாலும் 9600. கியூப் போன்றவற்றில் 115200. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்துகள் வரும். பயப்படாதீர்கள், வேகத்தை மாற்றிப் பாருங்கள். சில கருவிகளின் உள்பலகையில் இருக்கும் ஊசிகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஆர்எஸ்-232 கேபிளை அங்கே நேரடியாக மாட்டிவிடாதீர்கள்.

9600 பாட் என்றால் நொடிக்கு 960 எழுத்து. ஒரு மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 18 நிமிடம்! ஆகவே இந்த வழியாகக் கோப்புகளை இழுக்காதீர்கள். உள்ளே நுழைந்து, நெட்வொர்க் முகவரியைச் சரிசெய்து, அதன் வழியே நகலெடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் நகலெடுத்து முடிக்கும்வரை அணைக்காதீர்கள். வயதான வன்தட்டு மறுபடி சுழலாமலே போகலாம். பள்ளி நிர்வாகத்தின் அனுமதி முதலில் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோப்பைத் திறந்ததும் இரண்டாவது குப்பை உங்களை வரவேற்கலாம். இம்முறை வேகத்தில் தவறில்லை. அது நம் தமிழின் வரலாறு. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியதும், 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் என நம் வட்டாரத்தவர் இதில் முன்னின்றார்கள். நா. கோவிந்தசாமி ஓர் ஆசிரியர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை. 'திஸ்கி'யில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில். எனவே பழைய கோப்பை வெட்டி ஒட்டினால் போதாது. குறியேற்ற மாற்றி ஒன்றின் வழியே அனுப்ப வேண்டும். மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்துவிட்டு நகலை மட்டும் மாற்றுங்கள்.

உயர்நிலை மாணவர்களுக்கு இது நல்ல வகுப்புப் பயிற்சி. ஒரே சொல்லைப் பழைய எழுத்துருவிலும் யூனிகோடிலும் தந்து, எழுத்து வரிசையை ஒப்பிடச் சொல்லுங்கள். மெய், உயிர்மெய் பாடம் திடீரென உயிர் பெறும்.

எங்கள் பெட்டியில் இருந்த கட்டுரைகளை எழுதியவர்கள் இன்று நாற்பதை நெருங்குவார்கள். பதின்ம வயதில் அவர்கள் எழுதிய தமிழை இனி யாராலும் படிக்க முடியாது. அடுத்த முறை அகற்றல் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன் எழுந்துபோய்ப் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். சின்னதாக ஒரு போர்ட் இருந்தால், இன்னும் பேச வாய்ப்பிருக்கிறது.