நடுக்குவாதமும் டோபமைன் இழப்பும்

1. சேதம் நிகழும் இடம்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதத்தை விவரித்தபோது, கோளாறு மூளையில் எங்கே என்று அவருக்குத் தெரியாது. 1919இல் ஆய்வாளர் ட்ரெட்டியாகோஃப் அதை நடுமூளையில் கண்டார். நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இருபுறமும் மை தீட்டியதுபோல் ஒரு கரிய பட்டை தெரியும். பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. நோயாளியின் மூளையில் அந்தக் கருமை வெளுத்திருக்கும். நிறமியைத் தாங்கிய நரம்பணுக்கள் மடிந்துபோயிருக்கும்.

2. டோபமைன் செய்யும் வேலை

இந்த அணுக்கள் ஸ்ட்ரையேட்டம் என்னும் மூளைப் பகுதிக்கு டோபமைன் என்னும் வேதிப்பொருளை அனுப்புகின்றன. அங்கிருந்து கிளம்பும் பாதைகளில் ஒன்று அசைவை அவிழ்த்துவிடும், மற்றொன்று கட்டிப்போடும். டோபமைன் முன்னதைத் தூண்டி, பின்னதை அடக்குகிறது. அது வற்றினால் கட்டே மிஞ்சும். டோபமைனுக்கு எதிராக இயங்கும் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் கையும் ஓங்கும்.

அதனால்தான் தசையில் வலுவிருந்தும் கால் எழுவதில்லை. வாசற்படியில் பாதம் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும் ஒருவருக்கு முன்னால் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டால், பல சமயம் அதைத் தாண்டி நடந்துவிடுவார். இவரைச் சோம்பேறி என்று வீட்டார் கடிந்துகொள்வது அநியாயம்.

3. நிரூபணம்

சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கப்படும் ரிசர்பின் மூளையின் டோபமைனை வடித்துவிடும். அம்மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. இறந்த நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகிவிச் காட்டினார். மறுவருடமே மருத்துவர் பிர்க்மயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. எல்-டோபா புகுந்து, உள்ளே டோபமைனாக மாறும்.

பூனைக்காலி விதையிலிருந்து இதே எல்-டோபாவை 1937இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்திருந்தார்கள் என்பதை நம்மவர் பலர் அறியார்.

4. ஈடுகட்டலும் எல்லையும்

ஸ்ட்ரையேட்டத்தின் டோபமைனில் ஏறத்தாழ 80 சதவீதம் போன பிறகே நோய் வெளியே தெரிகிறது. அதுவரை எஞ்சிய அணுக்கள் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கின்றன. கை நடுங்கிய நாளை நோயின் முதல் நாளாகக் கொள்வது இதனால் தவறு.

எல்-டோபா அணுக்களின் சாவைத் தடுப்பதில்லை. டோபமைனைச் சேமித்துவைக்கும் அணுக்கள் குறையக் குறைய, ஒரு மாத்திரை தாங்கும் நேரமும் சுருங்கும். அந்நிலையில் வேளை தவறினால், சற்றுமுன் காபி டம்ளரைத் தானே ஏந்திக் குடித்தவரால் அதை மேசையிலிருந்து எடுக்கக்கூட முடியாமல் போகும்.