கூசும் பல்லுக்கு வந்த கண்ணாடி

வியட்நாம் யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1967-ஆம் ஆண்டில், அமெரிக்க ராணுவம் கூட்டிய பதார்த்த விஞ்ஞான மகாநாடு ஒன்றுக்காக நியூயார்க் மாகாணத்தில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த லாரி ஹெஞ்ச் என்ற புளோரிடா சர்வகலாசாலைப் பேராசிரியருக்குப் பக்கத்தில், போர்முனையிலிருந்து திரும்பிய கர்னல் ஒருவர் அமர்ந்திருந்தார். கதிரியக்கத்தின் தாக்குதலைத் தாங்கி நிற்கும் பொருள்களைப் பற்றி ஹெஞ்ச் சொல்லக் கேட்ட அவர், மனித சரீரத்துக்குள் தாங்கி நிற்கும் பொருளொன்றை உங்களால் செய்ய முடியுமா என்று வினவினார். எலும்பு சிதைந்த சிப்பாய்களுக்கு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்தால், சரீரம் அவற்றை அந்நியமாகக் கருதித் தழும்புத் திசுவால் மூடி ஒதுக்கிவிடுவதையும், அதனால் அங்கங்களை வெட்டியெறிய நேர்வதையும் கண்டு மனம் நொந்தவரின் கேள்வி அது.

சரீரத்தோடு எவ்வித சம்பந்தமும் கொள்ளாத ஜடப்பொருளே உள்ளே வைக்க உத்தமமானது என்று அறிஞர்கள் நம்பியிருந்த அந்நாளில், ஹெஞ்ச் நேர் எதிரான வழியில் சிந்தித்தார். எலும்பின் தாதுப்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அபடைட். அதே அபடைட்டைத் தன் மேற்பரப்பில் தானே படியச் செய்துகொள்ளும் கண்ணாடியைச் சரீரம் ஏன் விலக்க வேண்டும்? சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்ஸைடும் கால்சியம் ஆக்ஸைடும் தனித்தனியே 24.5 சதவீதம், பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு 6 சதவீதம் என்ற எடை விகிதத்தில் அவர் உருக்கிய கண்ணாடித் துண்டுகளை, 1969-இல் டெட் கிரீன்லீ என்ற எலும்பு வைத்தியர் எலிகளின் தொடையெலும்பில் பதித்தார். ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால், துண்டுகள் எலும்போடு ஒன்றிப்போய் அசைய மறுத்தன. இந்த வரலாற்றின் சிகரம் இதுவே என்பது என் துணிபு. பின்னால் வந்த பிரயோகங்கள் யாவும் இந்த ஒரு பிணைப்பிலிருந்து கிளைத்தவை.

1971-இல் ஆராய்ச்சி பிரசுரமாயிற்று. 1985-இல் நடுச்செவியின் சிற்றெலும்புக்குப் பதிலாகவும், 1993-இல் ஈறு நோயால் கரைந்த தாடையெலும்பை நிரப்பும் தூளாகவும் அந்தக் கண்ணாடி வைத்தியத்தில் புகுந்தது.

பல் கூச்சத்தை அற்ப உபாதை என்று ஒதுக்குபவர்கள் அதை அனுபவித்தறியாதவர்கள். எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ உள்ளிருக்கும் டென்டீன் வெளிப்பட்டால், அதில் ஆயிரக்கணக்காகத் திறந்திருக்கும் நுண்குழல்களின் திரவம் குளிர்ந்த நீர் பட்ட மாத்திரத்தில் நகர்ந்து நரம்பைத் தீண்டுகிறது என்பதை, ஸ்வீடன் தேசத்து பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் விளக்கியிருந்தார். பல்லும் எலும்பைப் போல அபடைட்டாலானது தானே என்று கண்டு, மேரிலாந்து சர்வகலாசாலைப் பல் வைத்தியர்கள் 1990-களில் அந்தக் கண்ணாடியையே நுண்பொடியாக்கி இக்குழல்களை அடைக்க முற்பட்டார்கள். எச்சில் பட்டதும் பொடியிலிருந்து சோடியம் வெளியேறுகிறது. சுற்றிலும் காரத்தன்மை உயர்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, நாளடைவில் அபடைட்டாக இறுகிக் குழல்வாயை மூடுகின்றன.

நோவாமின் என்ற பெயர் பெற்ற இப்பொடியை 2009-இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் 13½ கோடி டாலருக்கு வாங்கி, சென்ஸோடைன் பற்பசையில் சேர்த்தது. தண்ணீர் பட்டால் குழாய்க்குள்ளேயே வினை தொடங்கிவிடுமாதலால், தண்ணீர் கலவாத கிளிசரினில்தான் அதைக் குழைக்க வேண்டியிருந்தது. பின்னர் லண்டனில் ராபர்ட் ஹில் குழுவினர் புளோரைடைக் கண்ணாடிக்குள்ளேயே உருக்கிச் சேர்த்து, அமிலத்தை மேலும் நன்றாகத் தாங்கும் புளோரபடைட் பல்லில் படியும்படி செய்தார்கள்.