கல்லூரிக் கூடைப்பந்தில் போராட்ட குணம்: அச்சமும் பயிற்றுமுறையும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி எழுதுவோர் பலரும் ஓர் அணியின் மன உறுதியைப் பயிற்சியாளரின் கடுமையோடு சேர்த்தே பேசுகின்றனர். வசைகளைத் தாங்கி வளர்ந்த வீரனே நெருக்கடியில் பந்துக்காகத் தரையில் பாய்வான் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்நம்பிக்கைக்குச் சான்று போதாது என்பது என் வாதம். போராட்ட குணம் என்று நாம் பாராட்டுவதன் பெரும்பகுதி, சிறுசிறு செயல்களாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, தினமும் செய்யவைத்து, எண்ணிப் பார்க்கக்கூடிய பழக்கமே.

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1974-75 பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் யுசிஎல்ஏ பல்கலைக்கழகப் பயிற்சிக்கூடத்தில் அமர்ந்து, அதன் பயிற்சியாளர் ஜான் வுடன் பேசியதையும் செய்ததையும் வகைப்படுத்திக் குறித்தனர். பதிவான கற்பித்தல் செயல்கள் 2,326. எதை, எப்படிச் செய்வது என்ற நேரடி அறிவுரை அவற்றில் பாதிக்குச் சற்றே அதிகம். ‘ஹசில்’ என்றே அவர்கள் ஒரு தனி வகை வைத்திருந்தனர். முன்பே சொல்லிக்கொடுத்ததை இன்னும் வேகமாக, முழுமூச்சோடு செய் என்று முடுக்கிவிடும் சொற்கள் அதில் அடங்கும். அதன் பங்கு 12.7 விழுக்காடு. பாராட்டு 6.9, வெறும் கண்டிப்பு 6.6.

இந்த எண்களில் என்னை நிறுத்துவது அவற்றின் வரிசை. கற்பித்தது முன்னே, முடுக்குவது பின்னே. என்ன செய்வது என்று தெரியாத வீரனைப் பார்த்து ‘ஓடு, ஓடு’ என்று கத்துவதால் அவன் களைப்பான், வேறொன்றும் நடக்காது. வுடன் தவறு கண்டால் ஆட்டத்தை நிறுத்துவார். சரியான அசைவைத் தானே செய்துகாட்டி, வீரன் செய்த தவறையும் அப்படியே நடித்துக்காட்டி, மறுபடி சரியானதைக் காட்டுவார். சில விநாடிகளில் முடிந்துவிடும், ஆட்டம் தொடரும். கண்டிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கண்டித்த கையோடு திருத்தமும் வந்துவிடும். இந்தக் கலவைக்கு மட்டும் 8 விழுக்காடு.

வுடனிடம் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் இருந்தார்கள், ஆகவே வென்றார் என்பது நியாயமான மறுப்பு. முற்றிலும் தள்ள முடியாது. எனினும் ஆய்வு நடந்த பருவத்துக்கு முன்பே அவருடைய நட்சத்திர வீரர் பில் வால்டன் படிப்பை முடித்து வெளியேறியிருந்தார். வால்டன் இல்லாத அணிதான் 1975 தேசிய இறுதிப் போட்டியில் கென்டக்கியை 92-85 என வென்று, வுடனுக்குப் பத்தாவது தேசியப் பட்டத்தைத் தந்தது.

இன்றைய சான்று ஹியூஸ்டன் பல்கலைக்கழக அணி. அதன் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் பயிற்சியில் வளையத்தின் மேல் ஒரு மூடியைப் பொருத்திவிடுவார்கள். எறியும் பந்து உள்ளே போகவே போகாது. ஒவ்வொரு எறிதலும் ரீபவுண்டுக்கான, அதாவது தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கான, போட்டியாகிவிடுகிறது. இதன் பலன் 2025 தேசிய அரையிறுதியில் தெரிந்தது. டியூக் அணியிடம் கடைசி நிமிடத்திலும் ஆறு புள்ளிகள் பின்தங்கியிருந்தது ஹியூஸ்டன். ஒரு மூன்று புள்ளி, ஒரு பந்துப் பறிப்பு. அடுத்த எறிதல் தவறியது. திரும்பிய பந்தை ஜோசப் டக்ளர் எம்பிப் பிடித்து வளையத்துள் அடித்தார். பிறகு டியூக் வீரரின் இலவச எறிதல் தவறியபோது, ஜே’வான் ராபர்ட்ஸ் முன்கூட்டியே உள்ளிடத்தைப் பிடித்து நின்றார். பின்னாலிருந்து மோதிய கூப்பர் ஃபிளாக் மீது ஃபவுல். ராபர்ட்ஸ் இரண்டு இலவச எறிதல்களையும் போட்டு அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். முடிவு 70-67. வீரம் என்று வர்ணனையாளர்கள் சொல்வது இங்கே இடுப்பும் முதுகும் கால் வைக்கும் இடமும்தான்.

இனி, கடுமைக்குச் சான்றாகக் காட்டப்படும் பயிற்சியாளர் பாபி நைட். இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு 1976, 1981, 1987 என மூன்று தேசியப் பட்டங்கள். 1976இல் தோல்வியே இல்லாமல் 32 வெற்றிகள். அவர் கடுமையானவர் என்பது உண்மை, வென்றார் என்பதும் உண்மை. ஆனால் அவருடைய அணிகள் ஆளுக்கு ஆள் தடுப்பாட்டத்தையும் இடைவிடாது நகரும் தாக்குதலையும் நுணுக்கமாகக் கற்றவை. கற்பித்தல் ஈட்டிய புகழைக் கடுமையின் கணக்கில் எழுதிவிட்டோம் என்றே கருதுகிறேன். கற்பித்தல் வலுவாக அமையாத இடத்தில் கடுமை மட்டும் என்ன தரும்? ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மைக் ரைஸ் வீரர்கள்மீது பந்தை எறிந்ததும் இழிசொற்களால் ஏசியதும் காணொளியாக வெளிவந்து, 2013 ஏப்ரலில் அவருடைய பதவி பறிபோனது. அங்கு அவர் கண்ட வெற்றிகள் 44, தோல்விகள் 51. நைட்டையும் 2000 செப்டம்பரில் இந்தியானா நீக்கியது; ஒரு வீரரின் கழுத்தை அவர் பிடித்த பயிற்சிக் காட்சி அந்த ஆண்டுதான் வெளியாகியிருந்தது.

சாம்ப்சனின் முறையும் மென்மையானதல்ல. உடல்கள் மோதுகின்றன, காயங்கள் நேர்கின்றன. அந்தக் கடுமை வேலையில் இருக்கிறது, வீரனின் மானத்தைக் குறிவைப்பதில்லை என்பதே என் கண்ணில் பெரிய வேறுபாடு. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் பல்கலைக்கழக நிர்வாகங்கள், பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கோடு அவருடைய பயிற்சி நேரத்தின் பதிவையும் கேட்டு வாங்கட்டும். தார்ப்பும் கலிமோரும் செய்ததுபோல ஒருவரை உட்காரவைத்து, அங்கே பேசப்படுவதை எண்ணிப் பார்க்கட்டும்.