எல்லையோர வீட்டில் கிறிஸ்துமஸ்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி பகுக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைப் பகுதியையும் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. எனினும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

அந்த எல்லையின் மேல் அமைந்த சிற்றூர்தான் பனச்சமூடு. மூடு என்றால் மரத்தின் அடி. கடையாலுமூடு போன்ற ஊர்ப்பெயர்கள் நேயர்களுக்கு நினைவு வரலாம். எங்கள் வீடு கேரளப் பக்கத்தில் இருந்தது. பெரியப்பாவின் வீடு கூப்பிடு தூரத்தில், தமிழ்நாட்டில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே கோடு வரையப்பட்டுவிட்டது. ஆனால் அதன் விளைவை 1980களில் பள்ளிக்குச் சென்ற நாங்கள் நன்றாக உணர்ந்தோம்: பெரியப்பாவின் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள், நாங்கள் மலையாளத்தில் படித்தோம்.

அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் தமிழ் தங்கியது. அதற்குக் காரணம் கிறிஸ்துமஸ் என்றால் வியப்பாகத் தோன்றும். தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனின் முதல் தொண்டரான ரிங்கல்தௌபே 1806இல் அங்கு வந்து மயிலாடியில் பணி செய்தார். அவருக்குப் பின் நாகர்கோவிலும் நெய்யூரும் அந்த மிஷனின் தலைமை இடங்களாயின. அங்கெல்லாம் வேதமும் பாட்டும் தமிழிலேயே நடந்தன. வடக்கே திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் மலையாளம் வழங்கியது. பாறசாலை வட்டாரம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே அரசாங்கம் கோடு போடுவதற்கு நெடுங்காலம் முன்பே எங்கள் பக்கத்து வீடுகளின் பரணில் தமிழ் வேதாகமமும் கீர்த்தனைப் புத்தகமும் ஏறிவிட்டன.

டிசம்பர் பிறந்ததும் பாட்டி அந்தப் புத்தகத்தைக் கீழே இறக்குவார். மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுவதும், வைக்கோலால் குடில் வேய்வதும் ஆண்பிள்ளைகளின் வேலை. அடுக்களையில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுபடும். அச்சுமுறுக்குக்கு எண்ணெய் காயும். மற்ற நாட்களில் எங்களுக்கு மரச்சீனியே பெரும்பாலும் உணவு. (விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கமளித்துப் பரப்பிய பயிர் அது; பஞ்சகாலத்தில் எத்தனையோ உயிரைக் காத்தது.) பண்டிகைக் காலையில்தான் ஆப்பமும் இறைச்சிக்கறியும். இவ்வளவு அமளிக்கும் நடுவே, மாலை விளக்கு வைத்தபின் பாட்டி எங்களைச் சுற்றி உட்காரவைத்து, "மக்களே, விரலை வைச்சு வாசி" என்று கீர்த்தனைப் புத்தகத்தை விரிப்பார். எனக்குத் தமிழ் எழுத்து வந்தது அங்கேதான். இன்று மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பால் பிழைக்கும் நான், தமிழ் கற்ற பள்ளி எது என்று கேட்பவர்களிடம் அந்தத் திண்ணையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டிக்கு வேறொரு பிடிவாதமும் உண்டு. கையில் காசு இல்லாத ஆண்டிலும் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் புது ரவிக்கை தைத்தாக வேண்டும். எங்களுக்குச் சட்டை இல்லாமற் போகலாம். அவர்களுக்கு ரவிக்கை இல்லாமற் போகலாகாது. சிறுவனாகிய எனக்கு இது ஓரவஞ்சனையாகவே பட்டது. பிற்காலத்தில் சரித்திரம் படித்தபோதுதான் பொருள் விளங்கியது. மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் 1820கள் முதல் அடியும் அவமானமும் பட்டார்கள். 1829இல் வெளியான அரச ஆணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, மேலாடையை மறுத்தது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மீண்டும் மூண்டது. சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. கிறிஸ்து பிறப்பின் நாட்கள் அச்சத்தில் கழிந்த ஆண்டு அது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதுவும் முழு உரிமை தரவில்லை; உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற விலக்கு அதில் இருந்தது.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர் என் பாட்டியின் பாட்டி. அவர் சொன்னதைப் பாட்டி எங்களுக்குக் கதையாகச் சொன்னதே இல்லை. ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்தார், அவ்வளவே.

பாட்டி மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. சென்ற டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். மூங்கில் நட்சத்திரத்தின் இடத்தில் கடையில் வாங்கிய மின் நட்சத்திரம் தொங்கியது. எங்கள் பக்கத்து ஆலயத்தில் ஆராதனை இப்போது மலையாளத்தில் நடக்கிறது. ஆயினும் இரவில் பாடிக்கொண்டு வீடுவீடாக வந்த இளைஞர்கள் எங்கள் முற்றத்தில் நின்று, பழைய தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாடினார்கள். உச்சரிப்பு பிசகவில்லை. முன்னால் நின்ற பையனின் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். சொற்கள் தமிழ், எழுத்து மலையாளம். பாட்டை முடித்துவிட்டு அவர்கள் சாலையைக் கடந்து பெரியப்பாவின் வீட்டுக்குப் போனார்கள்.